வயர்ஷார்க் மெமரியை விழுங்குகிறதா?

திருவள்ளூரை அடுத்த எங்கள் மணவாள நகரில் புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் இன்டர்நெட் பார்க்கிறேன். தினசரி 2 ஜிபி டேட்டா மதியத்துக்குள் காலி. எந்த புரோகிராம் தின்கிறது?"

இதைக் கண்டறிய உதவும் இலவச புரோகிராம் வயர்ஷார்க். 1998-ல் ஜெரால்ட் கோம்ப்ஸ் இதை ஈத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-ல் பெயர் மாறியது. உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் இது பிடித்துப் பட்டியலிடும். ஆனால் 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் நாள் முழுக்க ஓடவிட்டால், விடை கிடைக்கும் முன்பே மெமரி தீர்ந்து புரோகிராம் மூடிவிடக்கூடும்.

ஏன் இப்படி? பாக்கெட்டுகள் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலாகப் பதிவாகின்றன. எந்த முகவரி எதனுடன் பேசியது என்பது போன்ற விவரங்களோ ராமில் சேர்ந்துகொண்டே போகும். ராம் நிறைந்ததும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும். உடனே கம்ப்யூட்டர் ஆமையாகிவிடும்.

டிஸ்ப்ளே ஃபில்டர் போட்டால் மெமரி மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அது பாக்கெட்டுகளைத் திரையில் மறைக்கும், அவ்வளவே. பிடிக்கும்போதே குறைக்க வேண்டும். கேப்சர் மெனுவில் ஆப்ஷன்ஸ் செல்லுங்கள்.

1. இன்புட் டேபில் ஸ்னாப்லென் மதிப்பை 256 ஆக்குங்கள். 1,514 பைட் பாக்கெட்டில் முதல் 256 பைட் மட்டும் பதிவாகும். ஃபைல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். முகவரியும் உண்மையான அளவும் அப்படியே இருக்கும்.

2. அவுட்புட் டேபில் ஃபைலுக்குப் பெயர் கொடுத்து, 100 மெகாபைட்டுக்கு ஒரு புதிய ஃபைல் எனத் தேர்வு செய்யுங்கள். ஃபைல் மாறும்போது பழைய விவரங்கள் ராமிலிருந்து நீங்கும். ரிங் பஃபரில் 10 எனக் கொடுத்தால், பழைய ஃபைல்கள் அழிந்து மொத்தம் 1 ஜிபிக்குள் நிற்கும்.

3. ஆப்ஷன்ஸ் டேபில், பாக்கெட் பட்டியலை உடனுக்குடன் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பெரிய ஃபைல் இருக்கிறதா? வயர்ஷார்க்குடன் வரும் எடிட்கேப் அதைச் சிறு ஃபைல்களாக வெட்டித் தரும்.

பிறகு ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் எண்ட்பாயிண்ட்ஸ் சென்று, பைட்ஸ் தலைப்பை க்ளிக் செய்யுங்கள். அதிக டேட்டா எடுத்த வெளி முகவரிகள் மேலே வரும். அந்த முகவரியுடன் பேசும் புரோகிராம் எது என்பதை, அது இயங்கும் நேரத்தில் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டர், நெட்வொர்க் டேபில் காட்டிவிடும். டேட்டா மிச்சம்!