பந்தய நாளைவிடப் பயிற்சி நாளே ஆபத்து: சைக்கிள் ஓட்டுவோர் அறிய வேண்டியவை

எட்டு நாள், எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-இல் தொடங்கி, வழக்கமாக டிசம்பரில் நடக்கும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணத்துக்குப் பெயர் கொடுத்தவருக்கு வயிற்றைக் கலக்குவது இயல்புதான். சைக்கிளைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் கலந்துகொள்ளும் இதில், நேரம் குறித்து ஓட்டும் போட்டிப் பகுதிகளும் உண்டு.

பெருமுக்கல், மரக்காணம் பக்கமிருந்து இப்படியொரு பந்தயத்துக்குத் தயாராகிறவருக்குப் பயமெல்லாம் மலையைப் பற்றியே இருக்கும். ஆனால் பந்தய நாளில் உதவி வண்டியும் மருத்துவக் குழுவும் கூட வரும். அதற்கு முந்தைய மாதங்களில், திண்டிவனம்–மரக்காணம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடியற்கால இருட்டில் தன்னந்தனியாக மிதிக்கும்போது எவரும் கூட வருவதில்லை. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்துக்கான சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது தெரிவதில்லை.

கடலோரத்தின் ஆபத்துகள்

டிசம்பர் பந்தயத்துக்கான கடைசிக்கட்டப் பயிற்சி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்து விழுகிறது. தண்ணீர் தேங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது. மழை நாளில் வேகத்தைக் குறையுங்கள். தேங்கிய நீருக்குள் சக்கரத்தை விடாதீர்கள்.

உப்புக்காற்று பிரேக் கேபிளை உறைக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் கேபிள், பிரேக் பிடிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் இழை இழையாகப் பிரிந்திருக்கும். பிடியை முழுக்க அழுத்தி, அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். சமவெளியில் அதைக் கவனிக்காமல் விட்டால், மலை இறக்கத்தில் உயிருக்கே உலை.

இறக்கத்தில் ஓட்டுவது நம் கடலோரத்தில் பழக வழியில்லாத வித்தை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் ஒரு முறையாவது ஏதேனும் மலைப்பாதையில் இதைப் பழகுவது அவசியம். ஏற்றத்துக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு: பிற்பகல் கடல்காற்றை எதிர்த்து நெடுநேரம் மிதித்தால் கால்களுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. உடல் சூடு தணியாது. அதற்காக வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்பிட்ட உணவும் வேண்டும். நீர்ச்சத்து குறைந்த நிலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மிதிக்கும்போது நெஞ்சு வலித்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

அடிபட்டால் உங்கள் உரிமை

சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு மருத்துவர் உடனே சிகிச்சை தர வேண்டும். போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தூக்கிவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. நல்லெண்ணத்தோடு உதவியவருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. இந்த மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், பட்டியலிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், மோட்டார் வாகன விபத்தில் காயம்பட்டவருக்கு ஏழு நாள்வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

இழப்பீடு பெறுவது எப்படி?

வண்டி மோதினால் எண்ணைப் படம் எடுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காவல் நிலையத்தில் எப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள், எப்.ஐ.ஆர். நகலுக்குக் கட்டணம் இல்லை. நசுங்கிய சைக்கிளைப் படம் எடுக்காமல் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்.

சைக்கிள் ஓட்டுபவர் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர். மோதிய வாகனத்தின் கட்டாயக் காப்பீட்டிலிருந்து அவர் இழப்பீடு கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் ஊர் எல்லையிலோ உள்ள மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். நீலகிரியில் அடிபட்டவர் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டியிருந்தால், உங்கள் மீதும் தவறு இருக்கிறதென்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும், தொகை குறையலாம். சிவப்புப் பின்விளக்கும் ஒளிரும் மேலாடையும் உயிரோடு உங்கள் வழக்கையும் காப்பாற்றும்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? 161-ஆம் பிரிவின் கீழ், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும்.

நீங்களாகச் சறுக்கி விழுந்தால் இவற்றில் எந்த இழப்பீடும் வராது. அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். தனியார் பாலிசி எடுத்தால் ‘பந்தயம்’, ‘சாகச விளையாட்டு’ விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அமைப்பாளரிடம் கேளுங்கள்

பெயர் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை: காவல்துறை அனுமதி இருக்கிறதா? ஆம்புலன்ஸ் எத்தனை? காப்பீடு எந்த அளவுக்கு? விலகினால் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபட்டுவிடாது. சொன்ன வசதியைச் செய்து தராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் நுகர்வோர் ஆலோசனையும் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியும் கிடைக்கும்.

மரக்காணம் சாலையில் விடியலுக்கு முன் சைக்கிளில் உப்பளத்துக்குப் போகும் தொழிலாளர்களுக்கும் இதே சட்டம்தான், இதே உரிமைதான். பலரிடம் பின்விளக்கு இல்லை. பயிற்சியின்போது தினமும் எதிர்ப்படும் அவர்களிடம் இந்தச் செய்திகளைச் சொல்லுங்கள். உங்கள் குழு சேர்ந்து ஆளுக்கொரு பின்விளக்கு வாங்கிக் கொடுத்தால், பந்தயம் தொடங்கும் முன்பே ஊருக்கு ஒரு நன்மை செய்தவர்கள் ஆவீர்கள்.