நிறத்தின் விலை

ஒருவர் மறைத்துவைத்த உண்மை வெளிப்பட்டால், ‘அவருடைய சாயம் வெளுத்துவிட்டது’ என்று தமிழில் கூறுவோம். நிறம் தருவது மட்டும் சாயத்தின் பண்பன்று; தந்த நிறம் நிலைத்தும் நிற்கவேண்டும். துணி துவைத்தவர்களின் பட்டறிவிலிருந்து பிறந்தது இம்மரபுத்தொடர்.

சுவரில் பூசும் வண்ணம் மேற்பரப்பில் படிந்திருக்கும். சாயமோ நூலிழைக்குள் புகுந்து அதனைப் பற்றிக்கொள்ளும். எல்லாச் சாயங்களும் தாமாகவே அவ்வாறு பற்றுவதில்லை. சாயவேர் என்னும் சிறு செடியின் வேர் செந்நிறம் தரும். துணியை முதலில் படிகார நீரில் நனைத்தால்தான் அந்நிறம் நிலைக்கும். நூலையும் சாயத்தையும் இவ்வாறு பிணைக்கும் பொருளை நிறமூன்றி என்பர். சோழமண்டலக் கரையில் இவ்வேரால் சிவப்பேற்றப்பட்ட பருத்தித் துணிகள் கடல்கடந்து ஐரோப்பா வரை சென்றன.

நீலச் சாயம் தரும் செடி அவுரி. வடமாநில மக்கள் அதனை ‘நீல்’ என்பர். அவுரித் தழையைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்வர். பின்னர் அந்நீரை நெடுநேரம் அடித்துக் கலக்குவர். காற்றுக் கலந்ததும் நீலம் அடியில் படியும். அதனை உலர்த்திக் கட்டிகளாக்குவர். இக்கட்டி வெறும் நீரில் கரையாது. சுண்ணாம்பு முதலியவற்றுடன் தாழியில் புளிக்கவைத்தால் கரையும். தாழியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண்முன்னே நீலமாக மாறும்!

இத்தகைய அழகிய நிறத்திற்காக உழவர்கள் துன்புற்றனர். பீகாரின் சம்பாரண் பகுதியில், நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் அவுரி பயிரிடவேண்டும் என்று ஐரோப்பியத் தோட்ட உரிமையாளர்கள் கட்டாயப்படுத்தினர். இம்முறைக்குத் ‘தீன்கட்டியா’ என்பது பெயர். உணவு விளைய வேண்டிய நிலத்தில் அவுரி விளைந்தது; கிடைத்த விலையோ மிகக் குறைவு. 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதனால் நேர்ந்த இழப்பையும் உரிமையாளர்கள் உழவர்மீதே சுமத்திக் குத்தகையை உயர்த்தினர். 1917இல் காந்தியடிகள் அங்குச் சென்று, உழவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அம்முறையை ஒழித்தது.

செயற்கைச் சாயங்களுக்கு வழிதிறந்தவர் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர். 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு மருந்தாகும் குவினைனைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஊதாச் சாயம் கிடைத்தது. இன்று துணி, தோல், தாள், எழுதும் மை, இனிப்புப் பண்டம் எனப் பலவற்றிலும் சாயங்கள் பயன்படுகின்றன. ஆய்வகத்தில் குருதித் துளிக்குச் சாயமேற்றியே மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டறிகின்றனர். இவ்வாறு சாயங்கள் நோயைக் காட்டும் கருவியாயின.

துணியில் ஏறாத சாயமும், சாயமேற்ற உதவும் உப்பும் கழிவுநீரில் எஞ்சும். தமிழ்நாட்டின் பின்னலாடை நகரமான திருப்பூரில் அந்நீர் நொய்யல் ஆற்றில் கலந்து, பாசன நீரைக் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்துவோரே தொழிலைத் தொடரலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

சம்பாரணிலும் நொய்யல் கரையிலும் நிறத்தின் விலையைக் கொடுத்தவர்கள், அந்நிறத்தை உடுத்தியவர்கள் அல்லர், உழவர்களே ஆவர்.

அருஞ்சொற்பொருள்
தாழி – வாய் அகன்ற பெரிய கலம்
குருதி – இரத்தம்
பட்டறிவு – அனுபவம்

செய்து காண்க
மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் எவ்வாறு மாறுகிறது? பின்னர் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டு, நிகழ்வதை ஐந்து தொடர்களில் எழுதுக.

சிந்தித்து எழுதுக
உங்கள் ஊரில் சாயமேற்றும் தொழில் நடைபெறுகிறதா? பெற்றோரிடம் கேட்டறிந்து, அதன் கழிவுநீர் எங்குச் செல்கிறது என்பதை எழுதுக.