படக்குழாய்க்கு ஓர் அறை

1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. 1980இல் நாம்கோ நிறுவனத்தின் ‘பேக்மேன்’ வந்தது. ஆளுயரப் பெட்டி, அதில் ஒரு திரை, ஒரு கைப்பிடி, காசு போட ஒரு துளை. இவை நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்கள் பல பின்னாளில் அமெரிக்காவில் மூடப்பட்டன. பழைய இயந்திரங்களை வாங்கி வந்து, வீட்டின் நிலவறையில் வரிசையாக நிறுத்தி விளையாடுவோர் அந்நாட்டில் இன்றும் உள்ளனர்.

அப்படி ஓர் அறையை அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? படக்குழாயைக் கவனியுங்கள் என்பேன். மரப்பெட்டியைத் தச்சர் புதிதாகச் செய்துவிடுவார். படக்குழாய் உடைந்தால் உடைந்ததுதான். தட்டைத் திரைகள் வந்தபின் பெரிய தொழிற்சாலைகள் அதன் உற்பத்தியைக் கைவிட்டுவிட்டன.

வண்ணப் படக்குழாயின் கழுத்திலிருந்து மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் புறப்படுகின்றன. திரைக்குச் சற்று முன்னால் நுண்துளைகள் நிறைந்த எஃகுத் தகடு ஒன்று உண்டு. துளை வழியே செல்லும் கற்றைகள் தத்தமக்குரிய சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் மட்டுமே விழவேண்டும். காந்தப்புலத்தில் எலெக்ட்ரானின் பாதை வளையும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கே புவியின் காந்தப்புலமே போதும்! வடக்கு நோக்கி நின்ற இயந்திரத்தைக் கிழக்கே திருப்பினால், திரையின் மூலையில் வேண்டாத நிறத்திட்டு தோன்றக்கூடும். ஆகவே எது எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நிறங்களைச் சரிசெய்ய வேண்டும்.

எஃகுத் தகட்டில் ஏறிய காந்தத்தை நீக்கக் குழாயைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். இயந்திரத்தை இயக்கியதும் அதில் மாறுமின்னோட்டம் பலமாகப் பாய்ந்து, படிப்படியாகக் குறைந்து அடங்கும். சூடேறினால் மின்தடை மிகும் பொருளொன்று சுருளோடு தொடரிணைப்பில் இருப்பதே காரணம். அப்பொருள் ஆறும் முன் அணைத்துப் போட்டால் சுருள் வேலை செய்யாது.

இப்போது ஒரு கணக்கு. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட்; நம் வீடுகளில் உள்ளதுபோல் 230 அன்று. ஒரு மின்சுற்று 15 ஆம்பியர் தாங்கும் என்றால், 120 × 15 = 1800 வாட். ஓர் இயந்திரத்துக்கு 150 வாட் எனக் கொண்டால் பன்னிரண்டு இயந்திரங்கள். ஆனால் நெடுநேரம் ஓடுவதற்கு அதில் ஐந்தில் நான்கு பங்கே பாதுகாப்பானது, அதாவது ஒன்பது. அந்த ஒன்பதையும் ஒரே விசையில் போட்டால் எல்லாச் சுருள்களும் ஒருசேர மின்னோட்டத்தை இழுக்கும், காப்புவிசை விழுந்துவிடும். ஒவ்வொன்றாகப் போடுவதே முறை. எடுத்துக்கொண்ட மின்னாற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது என்பதையும் மறவாதீர்கள். 1350 வாட் என்பது ஓர் அறைச்சூடேற்றிக்குச் சமம்! பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்டத்துக்கு இடைவெளி வேண்டும்.

அடுத்தது அபாயமான செய்தி. குழாயின் கண்ணாடிக்கு உள்ளும் புறமும் மின்கடத்தும் பூச்சு உண்டு. இரு கடத்திகள், நடுவே கண்ணாடி: உங்கள் பாடநூலில் வரும் லேடன் ஜாடியேதான்! இதில் ஏறும் மின்னழுத்தமோ ஏறத்தாழ 20,000 வோல்ட். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கலாம். பயிற்சி பெற்றவர், காப்பிட்ட கருவியால் அதைப் புறப்பூச்சோடு இணைத்து வெளியேற்றிய பிறகே கை வைப்பார். கழுத்து மெல்லியது, உள்ளே வெற்றிடம். பின்கதவைப் பூட்டிச் சாவியைப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

விளக்குகள்? திரையின் கருமை, அணைந்த குழாயின் சாம்பல் நிறத்தைவிடக் கருப்பாக முடியாது. அறை ஒளி அதில் பட்டுத் திரும்பினால் படம் வெளிறிவிடும். விளக்குகளைப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைவாக வையுங்கள். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆளுயரப் பெட்டிக்கு இது இன்னும் அவசியம். அதன் திரை கீழே கிடக்கிறது. கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் தருவது ஒட்டிய வண்ணத்தாள். அப்படம் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் பட்டு, பின்னால் தீட்டிய நிலவுக் காட்சியின்மேல் மிதப்பதுபோல் தெரிகிறது. பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த நிலவைக் காண முடியாது.