தீவனத்தில் ஈரம் எவ்வளவு? வீட்டிலேயே அறியலாம்

மழைக்காலத்தில் மிஞ்சும் பசுந்தீவனத்தைக் கோடைக்குச் சேமித்து வைப்போர் பலர். அது கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் ஈரத்தைச் சரியாகக் கணிக்காததே. ஈரம் மிகுந்த புல்லைக் குழியில் இட்டால் சாறு வடிந்து சத்து வீணாகும். தீவனமும் துர்நாற்றம் அடிக்கும். சரியாகக் காயாத கடலைக்கொடியைப் போரில் அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். பூசண நச்சு மாட்டைப் பாதிப்பதோடு பாலிலும் வரக்கூடும்.

சைலேஜ் எனப்படும் குழித்தீவனத்திற்கு ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கவேண்டும். போரில் அடுக்கும் உலர்தீவனத்தில் 15 சதவீதத்திற்கு மேல் இருக்கக்கூடாது. இளம் கம்பு நேப்பியர் புல்லிலோ அறுத்தவுடன் 80 சதவீதம் அளவுக்கு நீர்தான் இருக்கும்.

சட்டி முறை

ஈரத்தை அறிய ஓர் இரும்புச் சட்டியும், கிராம் காட்டும் சிறு தராசும் போதும். அறுத்த புல்லில் பல இடங்களிலிருந்து சிறிது எடுத்து, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் கலக்கவேண்டும். அதில் 100 கிராம் நிறுத்துச் சட்டியில் இட்டு, மிதமான தீயில் கிளறிவர வேண்டும். மொரமொரப்பானதும் நிறுக்கவேண்டும். மீண்டும் ஐந்து நிமிடம் சூடாக்கி நிறுக்கவேண்டும். எடை மேலும் குறையாவிட்டால் ஈரம் முழுவதும் போய்விட்டது என்று பொருள். புல் கருகினால் கணக்கு தவறும். புதிதாக எடுத்துத் தொடங்குவதே நல்லது.

100 கிராம் புல் 20 கிராமாகக் குறைந்தால், ஈரம் 80 சதவீதம். உலர்பொருள் 20 சதவீதம்.

ஒரு கட்டை நிறுத்தால் போதும்

இந்தக் கணக்கு ஒருமுறை தெரிந்தால், வாடும்போது மீண்டும் மீண்டும் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. அதே புல்லில் 10 கிலோ நிறுத்து, மற்றப் புல்லைப் போலவே களத்தில் தனியாகப் பரப்பவேண்டும். அதில் உலர்பொருள் 2 கிலோ. எவ்வளவு வாடினாலும் அது மாறாது. நீர் மட்டுமே குறையும். ஈரம் 70 சதவீதமாகும்போது அந்த 2 கிலோ, மொத்த எடையில் 30 சதவீதமாக இருக்கும். அதாவது, 10 கிலோ புல் சுமார் 6 கிலோ 700 கிராமாகக் குறைந்ததும் குழியில் இடலாம்.

தராசு இல்லாவிட்டால்

நறுக்கிய புல்லை ஒரு நிமிடம் கையில் இறுக்கிப் பிடித்து விடவேண்டும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை மெல்ல விரிந்து, சாறு வராமல் உள்ளங்கை மட்டும் ஈரமானால் பதம் சரி. உடனே உதிர்ந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது.

உலர்தீவனத்திற்கு உப்பு முறை உண்டு. தூள் உப்பை வறுத்து ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி எடுத்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய தீவனத்துடன் போட்டு மூடி, மூன்று நிமிடம் குலுக்கவேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டினால் இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டால் போரில் அடுக்கலாம்.

அன்றாடத் தீவனத்திற்கும் இந்தக் கணக்கு உதவும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டிற்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்பொருள் தேவை. 80 சதவீதம் ஈரமுள்ள புல் 25 கிலோ போட்டாலும் 5 கிலோவே கிடைக்கும். மீதியை வைக்கோல், அடர்தீவனம் ஆகியவற்றால் ஈடுசெய்தால்தான் பால் குறையாது.