குழாய் மேல் எழுதியிருப்பதைப் படிக்கலாமா?

கொழுந்தும் இரும்பும் – 7

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் கொழுந்தை வாட்டவும் அரைத்த இலையை உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். விறகு அடுப்பாலேயே காற்றைச் சூடாக்குவது ஒரு முறை. பொய்லரில் நீராவி எடுத்து அதனால் சூடாக்குவது இன்னொன்று. சென்ற வாரம் பொய்லரோடு நின்றோம். இனி அதிலிருந்து புறப்படும் குழாய்.

நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடிய பொய்லரில் அழுத்தமானி 10 பார் காட்டினால் நீராவியின் சூடு 180 பாகையைத் தாண்டும். அதைத் தாங்க வேண்டிய குழாயும் சாதாரணக் குழாயும் ஹாட்வெயார் கடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

'ஏஎஸ்டிஎம் ஏ106 கிரேட் பி, ஷெடியூல் 40' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஏஎஸ்டிஎம், 1898இல் அமெரிக்காவில் தொடங்கிய தர நிர்ணய அமைப்பு. 'ஏ' என்றால் இரும்பு, உருக்கு வகை. 106 வெறும் வரிசை எண், பலத்தைச் சொல்லாது. பலம் 'பி'யில் இருக்கிறது: இழுத்தால் அறுவதற்கு முன் குறைந்தது 415 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். ஷெடியூல் உலோகத்தைப் பற்றியதே அல்ல, சுவரின் தடிப்பு. இரண்டு அங்குலக் குழாய்க்கு 40 என்றால் 3.91 மில்லிமீற்றர், 80 என்றால் 5.54.

ஏ53 என்ற குழாயிலும் கிரேட் பி உண்டு, அதே 415. "ரெண்டும் பி தானே" என்று மாற்றிப் போடுவது இங்கேதான். ஏ106 எப்போதும் சீம்லெஸ், அதிக சூட்டுக்கென்றே எழுதப்பட்ட தரம். ஏ53 சீம்லெஸாகவும் வரும், நீளவாக்கில் பற்றவைத்தும் வரும். மின்சாரத்தால் பற்றவைத்த 'ஈ' வகை என்றால், அது தாங்கும் சுமையை 15 சதவீதம் குறைத்தே கணக்கிட வேண்டும். வகை எழுத்தில்லாமல் 'ஏ53 பி' என்று மட்டும் எழுதிய பில் பாதிச் செய்திதான்.

பொய்லர் தகட்டில் எண்ணே பேசும். 'எஸ்ஏ-516 கிரேட் 70' என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல், அதாவது 485 மெகாபாஸ்கல். முன்னால் உள்ள 'எஸ்', அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பொய்லர் விதிக்கோவை அதை ஏற்றதற்கு அடையாளம். 1905இல் மசசூசெற்ஸின் புரொக்டன் சப்பாத்துத் தொழிற்சாலையில் பொய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட சாவுகளே அந்த விதிகளை எழுத வைத்தன.

ஐரோப்பியத் தகட்டில் 'பி265ஜிஎச்' என்றிருக்கும். 265 பெரிது, 70 சிறிது என்று ஒப்பிட்டால் ஏமாறுவோம். 70 அறும் எல்லை. 265 நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை, அதுவும் மெகாபாஸ்கலில். அந்த எல்லை 516இன் கிரேட் 70க்கு 260. இரண்டும் அக்கம்பக்கம்தான்.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பொய்லருக்குப் பரிசோதனை உண்டு. ஆனால் ஸ்டோரிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: குழாயில் உள்ள ஹீட் நம்பர், அதாவது உருக்கை உருக்கிய தொகுதியின் இலக்கம், ஆலைச் சான்றிதழில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா? இல்லாவிட்டால் மேலே உள்ள எழுத்து வெறும் பெயின்ட். குழாயை அறுக்கும்போது மிச்சத் துண்டுக்கும் அந்த இலக்கத்தை எழுதிவிடுங்கள். எழுத்தில்லாத துண்டைத் தண்ணீருக்குப் போடலாம், நீராவிக்கு வேண்டாம்.

(அடுத்த வாரம்: வெல்டிங் கம்பியின் 7018. அங்கேயும் ஒரு 70 இருக்கிறது.)