செபத்தில் தூங்கிய புனிதை

இரவு செபமாலையில் மூன்றாம் மறையுண்மைக்குள் நமக்குக் கண் சொக்கிவிடுகிறது. மறுநாள் முழுவதும் ‘நானெல்லாம் என்ன கிறிஸ்தவன்!’ என்று நம்மையே கூண்டில் ஏற்றுகிறோம். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் சிரிப்புகூட நம் கண்ணில் படுவதில்லை. பவுலடியாரோ தமக்குத் தாமே தீர்ப்பளிப்பதில்லை. அதை ஆண்டவரிடம் விட்டுவிட்டார் (1 கொரி 4:3-4).

1888-இல், 15 வயதில், பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும் செபநேரத்தில் தூங்கியவர்தான். ஓரிரு நாள் அல்ல, ஏழு ஆண்டுகள்! அதற்காக அவர் மனமுடையவில்லை. விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பிரியமானவர்களே என்று எண்ணினார். சிகிச்சைக்காக மருத்துவர் நோயாளியைத் தூங்கவைப்பதையும் நினைத்துக்கொண்டார். இது சோம்பலுக்குச் சாக்கு அல்ல. தூக்கம் வரும் என்று தெரிந்தும் அவர் செபத்திற்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்.