மரக்காணம் கரையில் ஒரு பௌதிக பாடம்

பதினோராம் வகுப்புப் பௌதிக புத்தகத்தில் வெக்டர் என்னும் பகுதி வந்தவுடன் நமது மாணவர்களில் பலர் மிரண்டு போகிறார்கள். சூத்திரங்களை உருப்போட்டுப் பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். இது அவர்களுடைய புத்திக் குறைவன்று. பாடத்தை அவர்களுடைய ஊரிலிருந்து தொடங்காமையே இதற்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

விழுப்புரம் ஜில்லாவிலுள்ள மரக்காணத்தை எடுத்துக் கொள்வோம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கழுவேலியும் உப்பளங்களும். அளத்தில் கட்டிய மூட்டையின் நிறையைச் சொல்ல ஓர் எண் போதும். காற்றைப் பற்றிச் சொல்லவோ, வேகத்தோடு திசையும் வேண்டும். இத்தகைய அளவே வெக்டர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் ‘காவி’ என்கின்றன. சுமந்து செல்வது என்னும் லத்தீன் மூலப் பொருளுக்கு இது மிகவும் பொருத்தமான சொல்லாகும்.

இக்கரையோர நீரோட்டம் கோடையின் தொடக்கத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குப் பருவகாலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. கோடையில் ஒரு படகு நேர் கிழக்கே முகம் வைத்து, நீரைப் பொறுத்து மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வதாகவும், நீரோட்டம் வடக்கே 3 கிலோமீட்டர் இழுப்பதாகவும் கொள்வோம். படகின் உண்மையான வேகம் என்ன? உருப்போட்ட மாணவன் 7 என்பான். இரண்டு அம்புகளைச் செங்கோணத்தில் வரைந்தவனோ, 16-ம் 9-ம் சேர்ந்து 25 என்றும், அதன் வர்க்கமூலம் 5 என்றும், திசை கிழக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 37 பாகை என்றும் கண்டு கொள்வான்.

இரண்டு மணி நேரத்தில் படகு கிழக்கே 8 கிலோமீட்டரும் வடக்கே 6 கிலோமீட்டரும் சென்றிருக்கும். கிழக்கே சென்ற தூரத்தை நீரோட்டம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செங்கோணத்திலுள்ள இரண்டு இயக்கங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. எறிந்த பொருளின் பாதையை இம்முறையிலேயே பிரித்து, அது பரவளையம் என்று 1638-ல் வெளியான தமது நூலில் கலீலியோ நிறுவினார்.

நேர் கிழக்கேயுள்ள மீன்பாட்டை அடைய வேண்டுமானால் என் செய்வது? 5 கிலோமீட்டர் வேகமுள்ள படகு தெற்கே 37 பாகை முகம் திருப்ப வேண்டும். அவ்வேகத்தில் 3 பங்கு நீரோட்டத்தை ஈடு செய்யும். 4 பங்கு கிழக்கே கொண்டு செல்லும். நீரோட்டம் படகினும் வலியதாயின் நேரே செல்ல வழியே இல்லை என்பதையும் கணக்கு எச்சரிக்கும்.

உப்பளத்திலும் இதே நியாயந்தான். உப்பை வாரும் பலகையின் கம்பு வழியே 10 கிலோ எடையளவு விசையோடு இழுப்பதாகக் கொள்வோம். கம்பு தரையோடு 60 பாகை சாய்ந்திருந்தால் உப்பை இழுப்பது 5 மட்டுமே. 30 பாகைக்குத் தாழ்த்தினால் ஏறத்தாழ 8.7 ஆகும். எஞ்சிய கூறு பலகையை மேலே தூக்கவே செலவாகிறது.

இது பரீட்சையோடு முடியும் விஷயமன்று. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று பெருமழை கொட்டியது. நமது கடலில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வது. புயல் மேற்கே நகருங்கால், மையத்திற்கு வடபுறத்தில் சுழற்சியின் வேகத்தோடு நகர்ச்சியின் வேகமும் கூடும், தென்புறத்தில் கழியும். ஆகவே, புதுச்சேரியில் கரை கடக்கும் என்ற செய்தி, அதற்கு வடக்கேயுள்ள மரக்காணத்தாருக்கு ஆறுதலான செய்தியன்று. இரண்டு அம்புகளைக் கூட்டத் தெரிந்த பிள்ளை இதைத் தன் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல முடியும்.

முதலில் அம்பை வரைக; பின் இரு திசைகளாகப் பிரிக்க; தனித்தனியே கணக்கிடுக; இறுதியில் சேர்க்க. வெக்டர் கணக்கின் முறை இவ்வளவே. உபாத்தியாயர்கள் மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். பொதுஜன ஊழியர்கள் வாசகசாலைகளில் இக்கணக்குகளைத் தமிழில் விளக்கட்டும். படகோட்டியும் அளத்துத் தொழிலாளியும் கையால் அறிந்ததை அவர்களுடைய பிள்ளைகள் கணக்காலும் அறியும் நாளில், பௌதிகம் நமது ஜனங்களின் சொத்தாகும்.